ரெமிஜியுஸ் மாஸ்டரின் டெபுடி

ஒரு மனிதர் ஐந்து மனிதராகப் பிரிந்துபோனதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது நடந்தது, பார்த்தோம், அதற்கேற்றபடி எங்கள் பழக்கவழக்கங்களைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துக்கொண்டோம். ஐந்தில் ஒருவர் திரும்பிப் போய்ச் சேராததைப் பற்றித்தான் பேசுகிறோம், அதுவும் குரலைத் தாழ்த்தி, ஏனென்றால் அதில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

என் பெயர் தியோடர். ரெமிஜியுஸ் மாஸ்டரின் பேண்டில் இருபத்தொன்பது வருஷம் இரண்டாவது டிரம்பெட். முதல் டிரம்பெட் பாடும், இரண்டாவது டிரம்பெட் ஆமாம் போடும். நான் பிறவியிலேயே ஆமாம் போடுகிறவன் என்பதால் அந்த நாற்காலி எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்போது பெரம்பூர் பாதி ரயில்வே, பாதி வாத்தியம். பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் இரும்பு தட்டியவர்கள் சாயங்காலம் கோட்டு மாட்டிக்கொண்டு ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் ஹாலில் ஜாஸ் வாசித்தார்கள், ஞாயிறு காலையில் கோயிலில் பாட்டுப்பூசைக்கு வாசித்தார்கள், பூசை முடிந்த கையோடு மவுண்ட் ரோடு ஓட்டலுக்குப் போய் வாசித்தார்கள், திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கோடம்பாக்கத்தில் கதாநாயகி அழுவதற்கு வாசித்தார்கள், நடுவில் யாராவது செத்துப்போனால் அதற்கும் வாசித்தார்கள். இதனால் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை வந்துவிடும். ஒரு இடத்துக்குத் தான் போவான், இன்னொரு இடத்துக்குத் தனக்குப் பதிலாக ஒருவனை அனுப்புவான். அப்படிப் போகிறவனுக்கு டெபுடி என்று பெயர். டெபுடிக்கு ஒரு சட்டம் இருந்தது, எழுதாத சட்டம், ஆனால் எழுதின சட்டத்தை மீறினவனை மன்னித்தவர்கள்கூட இதை மீறினவனோடு உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள். ஒரே நாற்காலிக்கு ஒரே டெபுடி மூன்று தடவை போய்விட்டால் நாற்காலி டெபுடிக்குச் சொந்தம். முதல் தடவை அவசரம், இரண்டாம் தடவை அசட்டை, மூன்றாம் தடவை உனக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று அர்த்தம்.

ரெமிஜியுஸ் மாஸ்டர் மேலே வந்ததே இந்தச் சட்டத்தின் படியேறித்தான். பாதிரிமார் நடத்திய அனாதை இல்லத்தில் வளர்ந்து, பத்தொன்பது வயதில் இரவல் கிளாரினெட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தவர், யார் கூப்பிட்டாலும் எந்த வாத்தியத்துக்கும் டெபுடி போனார். இசை எழுதின தாளை முன்னால் வைத்தால் போதும், முன்பின் பார்க்காத பாட்டை நேற்றுத் தூக்கத்தில் கேட்டவர் மாதிரி வாசிப்பார். கிளாரினெட், சாக்ஸ், பியானோ, பிடில், டிரம்பெட், அக்கார்டியன், ஒரு தடவை மேளக்காரர் எத்திராஜுக்கு அம்மை போட்டிருந்தபோது டிரம்ஸ். "வாத்தியமெல்லாம் ஒரே வீடுதான் தியோ, வாசல்தான் வேறவேற" என்பார். போன இடத்திலெல்லாம் மூன்றாம் தடவை நாற்காலி அவருடையதாயிற்று.

பீட்டர்சன் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர், கிழவர், ஆல்டோ சாக்ஸ் வாசித்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் ரெமிஜியுஸைத்தான் அனுப்பினார். நாலாவது வாரம், மனைவியை அடக்கம் பண்ணிவிட்டு, பெட்டியும் கையுமாக வந்தவரிடம் ரெமிஜியுஸ் எழுந்து நின்று, மரியாதையாக, "சார், மூணு ஆச்சு" என்றார். கிழவர் பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அதில் தப்பென்று சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் சட்டம்தான், ஆனாலும் நாங்கள் எல்லோரும் அந்த நேரத்தில் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பது வயதில் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார். ரெமி ரிதம் கிங்ஸ் என்று மேளத்தின் தோலில் எழுதியிருக்கும். ஃபிட்டர் ஞானாதிக்கத்தின் மகள் அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டார், எங்களுக்கு அவர் அமலு அக்கா. அக்காவுக்கு ஜாஸ் பிடிபடவில்லை, டான்ஸ் ஹாலில் அத்தனை பேர் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று சிரிப்பார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு கொதிக்கிறபோது புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், மகள் பெர்னதெத் அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாரத்தில் ஒரு வேளை. கேட்டால் சின்ன ஆசை என்று தோன்றும், வாத்தியக்காரனுக்கு வாக்கப்பட்டவளைக் கேட்டால் தெரியும்.

அது நடந்தது பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை. இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மணிக்கு டான்ஸ், கோடம்பாக்கத்தில் அதே ஆறு மணிக்கு ஒரு பிடில் சோலோ. ஊரில் எல்லோருக்கும் டெபுடி போனவருக்கு டெபுடி போக ஊரில் ஆள் இல்லை. மறுநாள் பூசை முடிந்து, நானும் எத்திராஜும் டீக்கடையில் நின்றோம்.

"நேத்து இன்ஸ்டிட்யூட்ல மாஸ்டர் பின்னிட்டாருப்பா" என்றார் எத்திராஜ். "டிரம்பெட்ட எட்த்து வாயில வச்சாரு பாரு, ஆடிக்கினு இருந்தவன்லாம் அப்டியே நின்னுட்டான்."

"எத்தன மணிக்கு?"

"ஆறு, ஆறேகால்."

"ஆறேகாலுக்கு அவர் கோடம்பாக்கத்துல எனக்கு முன்னாடி உக்காந்து பிடில் வாசிச்சிட்டிருந்தார்ண்ணே."

எத்திராஜ் டீயை ஆற்றி, ஊதி, மொத்தமும் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். "அப்போ ரெண்டா பூட்டாருன்னு சொல்லு" என்றார். "நல்லதுதான். ஆள் தேடுற வேல மிச்சம்."

மாஸ்டரிடமே கேட்டேன். அவர் கூச்சப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. "வாசல்ல நின்னேன் தியோ. இந்தப் பக்கமும் போகணும், அந்தப் பக்கமும் போகணும். போனேன்" என்றார்.

இரண்டு மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. டிரம்பெட் மாஸ்டர், சாக்ஸ் மாஸ்டர், பியானோ மாஸ்டர், பிடில் மாஸ்டர் என்று கையிலிருக்கும் வாத்தியத்தை வைத்து நாங்கள் பெயர் சொன்னோம், பியானோவைக் கையில் எடுத்துப் போக முடியாது என்பதால் கையில் தாள்கட்டு வைத்திருப்பவர் பியானோ மாஸ்டர் என்று குழந்தைகளும் அறிந்திருந்தன. தையல்காரர் ஒரே அளவில் நாலு கோட்டு தைத்தார், ஒவ்வொரு தடவையும் அளவெடுத்துத்தான் தைத்தார், தொழிலில் நம்பிக்கை வேறு வழக்கம் வேறு என்றார். முடிவெட்டுகிறவர்தான் சலித்துக்கொண்டார், ஒரே தலையை வாரத்தில் நாலு தடவை வெட்டினால் கைக்கு அலுத்துப்போகிறதாம். வாத்தியக்காரர் சங்கத்தில் நாலு பேருக்கும் ஓட்டு உண்டா என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசி, ஒரு ஓட்டுத்தான், ஆனால் நாலு பேரும் கை தூக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பங்குச் சாமியார் தன்னிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவரிடம், அவரவர் பாவத்தை அவரவர் சொன்னால் போதும், அடுத்தவர் பாவத்தைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் சனிக்கிழமை வரிசை கொஞ்சம் நீண்டது. தெருவில் எதிர்ப்பட்டால் நீங்கள் எந்த மாஸ்டர் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று ஆகிப்போயிற்று. வெளியூர்க்காரன் யாராவது வாய் பிளந்தால் எங்களுக்கு எரிச்சலாக வரும், இவன் ஊரில் மனுஷனுக்கு இரண்டு வேலை வருவதே இல்லையோ என்று.

ஞாயிறு மத்தியானம் மட்டும் எல்லாம் நேராகிவிடும். நாலு திசையிலிருந்தும் நாலு பேர் வருவார்கள், முதலில் வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார், நாலு பேரும் சேர்ந்து உள்ளே நுழைவார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒருவர் கை கழுவிக்கொண்டிருப்பார். அமலு அக்கா எப்போதும் ஒரு தட்டுத்தான் வைத்தார். அவருக்கு மட்டும் இந்தக் கணக்கில் குழப்பமே வந்ததில்லை.

பிறகு ஞாயிறு மத்தியானத்துக்கும் வேலை வந்தது.

பெர்னதெத்துக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஏழு வயது, வெள்ளை கவுன், தலையில் பூ முடி. அதே ஞாயிறு பம்பாயிலிருந்து ஒரு பெரிய பேண்டு முதலாளி மாஸ்டரின் டிரம்பெட்டைக் கேட்க வருகிறார், சாக்ஸுக்கு ஒரு கல்யாணம், பியானோவுக்கு ஒரு பள்ளிக்கூட விழா, பிடிலுக்குக் கோடம்பாக்கம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் படியில் நின்றார், நாலு பேராக நாலு பக்கம் போனார், போன பிறகும் படியில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி பையில் விட்டுப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார், பிறகு திரும்பி வீட்டுக்குள் போனார்.

அன்றைக்குக் கோயிலில் மகளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தது அவர்தான். அவருக்குச் சுத்தமாக இசை இல்லை என்று முதல் பாட்டிலேயே தெரிந்துபோயிற்று. எல்லோரும் ஒரு பக்கம் பாட, அவர் பாட்டுக்கு வேறொரு பக்கம், மகிழ்ச்சியாக, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். பெர்னதெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அக்காவும் சிரித்தார், அந்தச் சிரிப்பை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

சாயங்காலம் நாலு பேரும் திரும்பி வந்து ஐந்தாமவரோடு ஒன்றானார்கள். "மக புதுநன்மைக்கு டெபுடியா அனுப்புவீங்க மாஸ்டர்?" என்று எத்திராஜ் சும்மா சீண்டினார்.

"என்ன டெபுடி? நான்தான போனேன்" என்றார் மாஸ்டர். "வெள்ள கவுன் போட்டிருந்தா, மெழுகுவர்த்திய நேரா புடிச்சிருந்தா. எல்லாம் எனக்குத் தெரியும்." தெரியும்தான். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்ன சினிமாக் கதை மாதிரி தெரியும்.

இரண்டாம் தடவை அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். நாங்கள் ஊட்டி சீசனில் இருந்தோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும், கஞ்சி ஆற்றிக் கொடுத்ததும், மகளுக்குக் கோணல்மாணலாகப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அந்த வெறுங்கைக்காரர்தான். மாஸ்டர் ஊட்டியிலிருந்து திரும்பி அவரோடு ஒன்றாகி, "நான்தான பாத்துக்கிட்டேன்" என்றார். அக்கா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாராம், பிறகு சாப்பாடு போட்டாராம்.

மூன்றாம் தடவை காரியம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. சாதாரண ஞாயிறு, சாதாரண கறிக்குழம்பு, சாப்பிட்டுவிட்டு மகளை உயிர்காலேஜுக்கு, அதாவது மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு, கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் ஓட்டலிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் பியானோக்காரர் வந்திருக்கிறார், கறுப்பர், அமெரிக்காக்காரர், சும்மா சேர்ந்து வாசிக்கலாம் என்கிறார். வேலைகூட இல்லை. ஆசை. மாஸ்டர் முகம் புதுநன்மைப் பிள்ளை முகமாக ஆகிவிட்டது. "தியோ, எல்லாரையும் கூப்பிடு" என்றார். "இன்னிக்கு உனக்கு எட்டு பார் சோலோ." எட்டு பார் என்றால் எட்டுத் தாள வட்டம், நான் மட்டும் தனியாக வாசிக்க.

நான் எண்ணிவிட்டேன். புதுநன்மை ஒன்று, ஆஸ்பத்திரி இரண்டு. மூன்று என்கிற சொல் என் நுனி நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார், சட்டத்துக்கு அவரைவிடப் பயந்தவர் யாருமில்லை. ஆனால் அவர் நின்றால் பேண்டு நிற்கும், பேண்டு நின்றால் எட்டு பார் நிற்கும். பதினோரு வருஷம் ஆமாம் போட்டவனுக்கு எட்டு பார். நான் என் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், சாமியார்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், இதில் என்ன பாவம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

படியில் நின்ற மாஸ்டர் நாலாகப் பிரிந்து, நாலு வாத்தியத்தோடு ஒரே பக்கம் நடந்தார். வெறுங்கைக்காரர் உள்ளே போனார். ஓட்டலில் அன்று மாஸ்டர் வாசித்ததைக் கேட்டு அந்தக் கப்பல்காரர் பியானோவிலிருந்து கையெடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் எட்டு பாரும் வந்தது. வாசித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குள் பரிமாறுகிறவன் கட்லெட் கொண்டுவந்துவிட்டான்.

இரண்டரை மணிக்குத் திரும்பினோம். நாலு பேரும் வாசலில் ஒருவருக்கொருவர் காத்திருந்து, சேர்ந்து படியேறினார்கள். அமலு அக்கா கதவைத் திறந்தார். எப்போதும் "வாங்க, சோறு ஆறுது" என்பவர், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாஸ்டர்" என்றார். "அவரும் பாப்பாவும் உயிர்காலேஜ் போயிருக்காங்க. உக்காருங்க, காப்பி போடறேன்."

விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான் கோப்பையில், சாஸரோடு, காப்பி வந்தது. நாலு கோப்பை. அக்கா முகத்தில் கோபமில்லை, நடிப்பில்லை, வருத்தம்கூட இல்லை. கணவனின் பழைய நண்பரை உபசரிக்கிற முகம். நாலு பேரும் குடித்தார்கள், கோப்பையை வைத்தார்கள், நன்றி சொன்னார்கள், தெருவில் இறங்கி நின்று அங்கேயே ஒன்றானார்கள். ஒருவராக நின்ற மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"தியோ, இவ ஏன் என்ன மாஸ்டர்ங்கறா?"

அப்போதுதான் சொன்னேன். "மூணு ஆச்சு, மாஸ்டர்."

அவர் முதலில் சிரித்தார். பிறகு எண்ணிப் பார்த்தார், விரல் மடக்குவது எனக்குத் தெரிந்தது. "வூடு என்ன நாற்காலியாடா?" என்று கத்தினார். தெருவே வெளியே வந்துவிட்டது. எத்திராஜ்தான் மெதுவாகச் சொன்னார், "பீட்டர்சன் தொரையும் அன்னிக்கு ஏதாச்சும் கேட்டிருக்கலாம் மாஸ்டர். பாவம், அவுரு கேக்கல." மாஸ்டர் மடக்கிய விரலை விரித்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட் பக்கம் நடந்தார். இன்று யோசித்தால், ஒரு தெருவே கூடி நின்று, இது அநியாயம், வீட்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை மாறியிருக்குமோ என்று தோன்றுகிறது. சொல்லவில்லை. சங்கத்தில் மட்டும் ஒரு மாதம் கழித்துத் தீர்மானம் போட்டார்கள், இனி இரண்டு பேரும் தனித்தனி ஆள், ஓட்டு மாஸ்டருக்கு மட்டும் என்று.

அதற்குப் பிறகுதான் அவர் பெரிய ஆளானார். பம்பாய், கல்கத்தா, கொழும்பு ரேடியோ, இரண்டு வருஷம் கப்பல். எங்கே கூப்பிட்டாலும் போனார், வர முடியாது என்று சொல்லவைக்கும் ஒரு வீடு இல்லாததால் பிரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. ஏழு வாத்தியம் வாசிக்கிற தமிழர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். அவர் வாசிப்பில் ஒரு சோகம் வந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டவன் சொல்கிறேன், அவர் எப்போதும் போலத்தான் வாசித்தார். எங்களுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பும்போதெல்லாம் இன்ஸ்டிட்யூட் மாடியில் ஒரு அறையில் தங்குவார். வெறுங்கைக்காரர், அதாவது வீட்டு மாஸ்டர், ஒர்க்‌ஷாப் டைம் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சைக்கிளில் போகும்போது எதையோ சீட்டியடிப்பார், அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க எத்திராஜ் கடைசிவரை முயன்று தோற்றார். கிறிஸ்துமஸுக்கு அமலு அக்கா மாஸ்டர் அறைக்கு ஒரு தட்டு கல்கல்லும் அதிரசமும் அனுப்புவார், தெருவில் எல்லோருக்கும் அனுப்புவது போல. வெறும் தட்டைத் திருப்பக்கூடாதே என்று மாஸ்டர் அதில் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார், வாசலோடு திரும்புவார்.

அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்கு மட்டும் சொன்னார். ஒரு நாள் இன்ஸ்டிட்யூட் படியில் உட்கார்ந்து, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான தியோ?" என்று கேட்டார். "அவனுக்கும் ஒரு நாள் அவசரம் வரும். போக வேண்டிய எடம் ஒண்ணு வரும். அப்ப டெபுடி தேடுவான். மூணு தடவ. மூணே தடவ." நான் வழக்கம்போல ஆமாம் என்றேன். பதினெட்டு வருஷம் காத்திருந்தார். வீட்டு மாஸ்டருக்கு ஒரு அவசரமும் வரவில்லை. அந்த மனுஷனுக்குப் போக வேறு இடமே இல்லை.

அமலு அக்கா போனது ஒரு புரட்டாசியில். சர்க்கரை வியாதி, பிறகு சிறுநீரகம். வீட்டு மாஸ்டர் காலையில் இன்ஸ்டிட்யூட் மாடியேறி வந்தார், கண் வீங்கியிருந்தது. "மாஸ்டர், பெர்னா, அம்மாவுக்குப் பேண்டு வேணும்ங்குது. உங்களத்தான் கேக்குது" என்றார். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஒரே முகம்தான், ஒன்றில் மட்டும் அழுத தடம் இருந்தது. "வரேன்" என்றார் மாஸ்டர்.

சாவு ஊர்வலத்தில் பேண்டு முன்னால் போகும், பெட்டி பின்னால் வரும். வாசிக்கிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பினால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் வரிசை உடையும். புரசைவாக்கம் தாண்டிக் கீழ்ப்பாக்கம் கல்லறை வரைக்கும் மாஸ்டர் தன் மனைவிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தார். பெட்டியைத் தொட்டுக்கொண்டு பின்னால் வந்தவர் வீட்டு மாஸ்டர். நான் பக்கத்தில் இரண்டாவது டிரம்பெட். ஒரு சுரம் பிசகவில்லை. பிசகியிருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

மண் போட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குத் திரும்பினோம். செபமாலைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அன்று பேண்டுக்காரர்கள் எல்லோரும் சரிகைக் கோட்டை விட்டுவிட்டுக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தோம், வீட்டு மாஸ்டரும் கறுப்புக் கோட்டு. அவர் வாசலில் மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாஸ்டர், ஒரு ஒதவி. உள்ள எல்லாரும் வந்து கையப் புடிச்சிப் புடிச்சி அழுவுறாங்க. எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் வெளிய நிக்கறேன். என் எடத்துல நீங்க உக்காருங்களேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் உதடு ஒன்று என்று சொன்னதை நான் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். அக்கா போய்விட்டார்தான், ஆனால் மகள் இருக்கிறாள். இன்னும் இரண்டு தடவை. அந்த நல்ல மனுஷன் தெரியாமல் கொடுக்கிறாரா, தெரிந்தே கொடுக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாஸ்டர் டிரம்பெட்டை என் கையில் கொடுத்தார். உள்ளே போய், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பின் பார்க்காத தாளை வாசிக்கிறவருக்கு இதுவா கஷ்டம்? சொந்தக்காரர்கள் கையைப் பிடித்தபோது எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுத்தார். ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் வந்து, "லீவு பத்திக் கவலப்படாதீங்க" என்றபோது தலையைச் சரியாக ஆட்டினார். ஒரு கிழவி அவர் தோளில் விழுந்து அழுதாள், அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். செபமாலை ஆரம்பித்தது, ஒரு பாதி பெண்கள் சொல்ல, மறு பாதியை அவர் எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் அவரோடு சேர்ந்து சொன்னார்கள், அந்த வீட்டில் செபமாலை அவ்வளவு அழகாக நடந்ததை யாரும் கேட்டதில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் இறங்கியது, நிஜத் தண்ணீர், அதற்கு எந்தத் தாளும் இல்லை. அமலு என்று ஒரு தடவை சொன்னார். அவருக்கு அங்கே அழ இடம் கிடைத்துவிட்டது.

செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாவது தேவரகசியம் முடிந்ததும் பெர்னதெத் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். இருபத்தாறு வயது, டீச்சர் வேலை, அழுது அழுது குரல் போயிருந்தது. குனிந்து டம்ளரைக் கொடுக்கப் போனவள் அவர் காலைப் பார்த்தாள். அவருக்கே தெரியாமல், கறுப்பு ஷூவின் நுனி தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு மூன்று நாலு, ஒன்று இரண்டு மூன்று நாலு, எள்ளளவும் தப்பாமல்.

அவள் கோபப்படவில்லை. காப்பியை அவர் கையிலேயே வைத்தாள். அவர் கன்னத்தில் இருந்த ஈரத்தைப் பார்த்து, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தோளில் கைகூட வைத்தாள்.

"அங்கிள்" என்றாள், மெதுவாக, பின்னால் நின்ற என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்காமல். "அப்பா எங்க?"

மாஸ்டர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வீட்டு மாஸ்டர் தெருவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உள்ள போங்க" என்றார் மாஸ்டர். "பாப்பா உங்கள தேடுது."